கட்டவிழ்த்து ஆடை உடுத்தும் பாடல்

1994ஆம் ஆண்டு, ஜெர்மனியைச் சேர்ந்த நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற இசை நிறுவனம் ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ என்றொரு ஆல்பத்தை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் பெயர் ஹோர்ட். குழு என்று சொன்னாலும் அதில் இருந்தவர் ஒருவரே. டிரம்ஸ், கிட்டார், பாஸ், குரல் எல்லாம் அவருடையவை. ஆல்பத்தில் அவர் தம் பெயரைத் தரவில்லை. ‘அனானிமஸ்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார். கேட்டால், கிறிஸ்தவத்தை எதிர்க்கும் கடுமையான ராக் இசை வகையான நார்வே நாட்டு பிளாக் மெட்டல் போலவே ஒலிக்கும். ஆனால் பாடல்கள் கிறிஸ்துவின் பக்கம் நின்று சாத்தானை எதிர்ப்பவை. இதைச் செய்தவர் யார் என்று சொல்லும்படி கேட்டு நியூக்ளியர் பிளாஸ்ட் அலுவலகத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

அந்த மிரட்டல்களைப் பற்றித்தான் ஹோர்ட் குறித்து எழுதுகிற பெரும்பாலானோர் விரிவாக எழுதுகிறார்கள். அது பரபரப்பான செய்தி என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவன் என்ற முறையில், அதன் 13 பாடல்களில் ஐந்தாவதாக இருக்கும் ஒரு பாடலின் தலைப்புக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அந்தத் தலைப்பை விளங்கிக்கொள்வதற்கு அதன் காலத்தையும் சூழலையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நார்வேயில் 1990களின் தொடக்கத்தில் உருவான பிளாக் மெட்டல் வட்டம், இசைக்குழுக்களின் கூட்டமாக மட்டும் நின்றுவிடவில்லை. ஆஸ்லோ நகரில் ஓய்ஸ்டைன் ஆர்செத் நடத்திய ‘ஹெல்வெட்டே’ என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றித் திரண்ட அந்த இளைஞர்கள், கிறிஸ்தவத்தின் மீதான வெறுப்பைத் தங்கள் கொள்கையாகவே அறிவித்துக்கொண்டார்கள். மேஹெம் குழுவின் கிட்டார் கலைஞரான ஆர்செத், யூரோனிமஸ் என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். 1992ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, பெர்கன் நகருக்கு அருகில் இருந்த ஃபன்டாஃப்ட் மர தேவாலயம் தீக்கிரையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸோன் பகுதியில் கட்டப்பட்டு, 1883இல் பிரித்தெடுக்கப்பட்டு, பெர்கனுக்கு அருகே கொண்டுவந்து மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் நின்ற மரம் ஓர் இரவில் கரியானது. அதைத் தொடர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டின் பல தேவாலயங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. 1993 ஆகஸ்டில் ஆர்செத் கொல்லப்பட்டார். பர்சம் என்ற தனிநபர் இசைத்திட்டத்தை நடத்திவந்த வர்க் விகெர்னெஸ், அந்தக் கொலைக்காகவும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்காகவும் 1994 மே மாதம் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஹோர்ட் வெளிவந்ததும் அதே 1994இல்தான். ஆறிப்போன வரலாற்றைப் பற்றி அல்ல, இன்னும் புகைந்துகொண்டிருந்த சாம்பலின் மீது நின்று பேசிய ஆல்பம் இது.

பேசியவர் நார்வேக்காரர் அல்லர். பின்னர் தெரியவந்தபடி, அவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் ஜேசன் ஷெர்லாக். மார்ட்டிஃபிகேஷன் என்ற குழுவின் மூலம் கிறிஸ்தவ மெட்டல் ரசிகர்கள் அவரை முன்பே அறிந்திருந்தார்கள். ஸ்டீவ் ரோ பாஸ் வாசித்துப் பாட, மைக்கேல் கார்லைல் கிட்டார் வாசிக்க, ஷெர்லாக் டிரம்ஸ் வாசித்த அந்த மூவர் குழு 1992இல் வெளியிட்ட ‘ஸ்க்ரோல்ஸ் ஆஃப் தி மெகில்லோத்’ ஆல்பம், மெட்டலின் இன்னொரு கடுமையான கிளையான டெத் மெட்டலில், கிறிஸ்தவக் குழுக்களிடையே இன்றளவும் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுவது. பாரமீசியம் என்ற, மெதுவான, கனத்த டூம் மெட்டல் இசைக்கும் மெல்போர்ன் குழுவிலும் அவர் டிரம்ஸ் வாசித்தார். ஆகவே ஹோர்ட் என்பது ஓர் இளைஞனின் திடீர் ஆவேசத்தில் பிறந்த விளையாட்டுப் பொருள் அல்ல. கைதேர்ந்த ஒரு கலைஞர், தாம் நன்கு அறிந்த இசை உலகின் இன்னொரு மூலையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து, அதே மொழியில் பதில் சொல்லத் தீர்மானித்ததன் விளைவு.

அந்த இசைமொழி எப்படிப்பட்டது என்பதைக் கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாக் மெட்டலில் கிட்டார் தனித்தனி ஸ்வரங்களாகக் கேட்பதில்லை. ஒரே கம்பியை மீட்டுக்கட்டையால் மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு மீட்டலும் அடுத்ததோடு கலந்து நீண்ட ஓர் இரைச்சல் கோடாக மாறிவிடுகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் அந்தக் கோட்டின் ஓரங்களைச் சிதைக்கிறது. கீழே டிரம்ஸில் ‘பிளாஸ்ட் பீட்’ எனப்படும் அடி: காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் கையால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் இடைவெளியே தெரியாத வேகத்தில் மாறிமாறி ஒலிக்கும். குறிப்பிட்ட எல்லைக்கு மேல் வேகம் கூடும்போது வினோதமான ஒன்று நிகழ்கிறது. வேகமே மறைந்துபோய், எல்லாம் ஒரே இடத்தில் உறைந்து நிற்பதைப் போன்ற உணர்வு வருகிறது. பனிப்புயலை ஜன்னலின் உள்ளே நின்று பார்ப்பதற்கு ஒப்பானது அது. அதன் மேல் வருகிற குரல் பாட்டும் அல்ல, பேச்சும் அல்ல. தொண்டையின் மேற்பகுதியிலிருந்து கிழிந்து வரும் அலறல்.

இதை வேண்டுமென்றே மோசமான ஒலித்தரத்தில் பதிவு செய்வதும் அந்த அழகியலின் ஒரு பகுதி. டார்க்த்ரோன் குழு 1994இன் தொடக்கத்தில் வெளியிட்ட ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தில் ஃபென்ரிஸ் என்பவர் எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து, எளிய நான்கு தடப் பதிவுக் கருவியில் இசையைப் பதிவு செய்தார். வசதி கிடைக்காததால் அப்படிச் செய்தார் என்று சொல்ல முடியாது. பளபளப்பான ஸ்டூடியோ ஒலியை அவர்கள் விரும்பி ஒதுக்கினார்கள். உலகின் இன்னொரு கோடியில், அதே ஆண்டில், ஷெர்லாக்கும் தனி ஆளாக எல்லாவற்றையும் வாசித்து, அதே கரடுமுரடான, வறண்ட ஒலியைத் தேர்ந்துகொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஃபென்ரிஸின் ஆல்பம் கிட்டாரால் நகர்கிறது. டிரம்ஸ் பின்னால் நின்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கிறது. ஹோர்ட் ஆல்பமோ டிரம்ஸ் கலைஞர் ஒருவர் கட்டிய வீடு. அடியின் வேகமும் அது நிற்கும் இடமும் மீண்டும் பாயும் இடமும்தான் பாடலின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. கிட்டார் அதைப் பின்தொடர்கிறது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. கிட்டாரில் நினைவில் நிற்கும் மெட்டு குறைவு என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரு மனிதன் தன் உடலின் முழு வலிமையையும் ஒரு வேண்டுதலுக்குள் செலுத்துவதைக் காதால் கேட்க முடியும் என்றால், அது இந்த டிரம்ஸில் கேட்கிறது.

தலைப்புகளுக்கு வருகிறேன். அலறலில் சொற்கள் பிடிபடாத இசையில், கேட்பவருக்கு முதலில் வந்து சேர்வது தலைப்புதான். பிளாக் மெட்டல் இசைக்கலைஞர்களும் அதை அறிந்து தலைப்புகளை நீளமாக, படம் வரைவதுபோல் வைப்பவர்கள். ஹோர்ட் ஆல்பம் உறைந்த வடதிசைக் காற்றின் நடுவே ஒரு தேவாலய மணி ஒலிப்பதாகத் தொடங்குகிறது. தேவாலயங்கள் எரிந்துகொண்டிருந்த நாட்டை நோக்கி, அங்கே இன்னும் மணி அடிக்கிறது என்று சொல்வதாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அதன் பின் வருவனவற்றில் பெரும்பாலானவை தாக்குதல்கள். சாத்தானின் அடையாளமான ஆட்டின் கொம்புகளை நொறுக்கு என்கிறது ஒன்று. தூஷணக் கோஷத்தை அடக்கு என்கிறது மற்றொன்று. அந்திக்கிறிஸ்து பலவீனன், நலிந்தவன், சாகிறவன் என்று ஒரு தலைப்பு அறிவிக்கிறது. தலைகீழாக்கப்பட்ட சிலுவையை மறுபடியும் தலைகீழாக்கு என்ற எட்டாவது பாடலின் தலைப்பு, ஆல்பத்தின் முழுச் செய்முறையையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: எதிராளி புரட்டிய ஒவ்வொரு அடையாளத்தையும் எடுத்து மீண்டும் நேராக நிறுத்துவது.

இந்த வரிசையின் நடுவே ஐந்தாவது பாடல் வருகிறது. ‘ரிலீஸ் அண்ட் க்ளோத் தி வர்ஜின் சாக்ரிஃபைஸ்’ என்பது அதன் தலைப்பு. பலியாகக் கிடத்தப்பட்ட கன்னிப்பெண்ணை விடுவித்து, அவளுக்கு ஆடை உடுத்து என்கிறது அது.

பிளாக் மெட்டலின் படிமங்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பெண் புதியவள் அல்லள். ஆல்பம் உறைகளிலும் பாடல் வரிகளிலும் மேடைக் காட்சிகளிலும் அவள் நெடுங்காலமாகக் கிடக்கிறாள்: பலிபீடத்தின் மேல், கட்டப்பட்டு, ஆடையின்றி. அவளுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, குரல் கிடையாது. சாத்தானியச் சடங்கின் அலங்காரப் பொருளாக மட்டுமே அவள் அங்கே இருக்கிறாள். இது வெறும் ஓவியத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு, ஹோர்ட் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2004 பிப்ரவரி 1ஆம் தேதி போலந்தின் கிராகோவ் நகரில் கோர்கோரோத் என்ற நார்வே குழு நடத்திய கச்சேரியே போதும். அந்த மேடையில் ஆட்டுத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன, ஆட்டு ரத்தம் தெளிக்கப்பட்டிருந்தது, ஆடையற்ற மனிதர்கள் சிலுவைகளில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். போலீஸ் விசாரணை வரை போன நிகழ்ச்சி அது. சடங்கை நடிப்பதற்கும் உண்மையான உடல்கள் தேவைப்பட்டன.

இந்தக் காட்சிக்கு எதிராகக் கிறிஸ்தவர் ஒருவர் பாட விரும்பினால், எளிதான வழிகள் பல உண்டு. பலியிடுகிறவனைச் சபிக்கலாம், பலிபீடத்தை உடைக்கலாம், நரகத்தின் வெப்பத்தை வர்ணிக்கலாம். மற்ற பாடல்களின் தலைப்புகளில் ஷெர்லாக் ஏறக்குறைய அவற்றைத்தான் செய்கிறார். இந்த ஒரு தலைப்பில் மட்டும் அவருடைய கண் எதிரியை விட்டு விலகி, அந்தப் பெண்ணிடம் போகிறது. முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும். பின் ஆடை தர வேண்டும். இரண்டாவது செயல்தான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. விடுவித்தால் போதும், சண்டையில் வென்றதாக அறிவித்துக்கொள்ளலாம். வெற்றியை மட்டுமே எண்ணுகிற ஒருவருக்கு அவளுடைய நிர்வாணமும் அவளுக்கு ஏற்படுகிற குளிரும் வெட்கமும் கண்ணில் படப்போவதில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், நியாயத்தீர்ப்பின் நாளில் அரசர் கணக்குக் கேட்கும்போது, “வஸ்திரமில்லாதிருந்தேன், எனக்கு வஸ்திரங்கொடுத்தீர்கள்” என்கிறார். யாரை வென்றாய் என்ற கேள்வி அங்கே இல்லை. இந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்த வசனம்தான் என் நினைவுக்கு வருகிறது. மிகவும் வன்மையான ஓர் இசைக்குள், யாரும் கேட்காமலேயே, ஒரு சால்வை வந்து விழுந்திருக்கிறது.

ஷெர்லாக் இதை எண்ணி எழுதினாரா, தலைப்புகளைப் புரட்டிப் புரட்டி வைத்தபோது இயல்பாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. வெறுப்பிலிருந்து பிறந்த ஒரு படிமத்தை நம்பிக்கையுடையவர் ஒருவர் கையில் எடுத்தபோது, அவருடைய கை எந்தப் பக்கம் போயிற்று என்பதே முக்கியம்.

ஆனால் ஆல்பம் முழுவதும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘அனானிமஸ்’ என்ற புனைபெயர் என்னைச் சங்கடப்படுத்துகிற ஒன்று. யூரோனிமஸ் என்ற பெயரின் சாயலை அதில் கேட்காமல் இருக்க முடியாது. எள்ளலின் இலக்கு கொள்கைதான் என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் ஆல்பம் வெளிவந்தபோது ஆர்செத் கொல்லப்பட்டு அதிக காலம் ஆகியிருக்கவில்லை; இருபத்தைந்து வயது இளைஞன், கத்திக்குத்துகளால் செத்தவன். அவன் கிறிஸ்துவைப் பகைத்தவன் என்பதால் அவனுடைய மரணத்தின் மேல் நாம் லேசாக நடந்து போகலாம் என்று நான் நினைக்கவில்லை. கட்டை அவிழ்த்து ஆடை உடுத்தச் சொன்ன அதே மனத்திலிருந்து இந்தப் பெயரும் வந்தது என்பதை ஏற்றுக்கொண்டுதான் இந்த ஆல்பத்தை நேசிக்க வேண்டியிருக்கிறது.

‘புனிதமான, கறுப்பல்லாத’ என்று பொருள்படும் ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ என்ற நார்வே மொழித் தலைப்பிலிருந்துதான் ‘அன்பிளாக் மெட்டல்’, கறுப்பல்லாத மெட்டல், என்ற வகைப்பெயர் பரவியது. கிறிஸ்தவ பிளாக் மெட்டலை இன்றும் அந்தப் பெயரால்தான் ரசிகர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த வகையின் மீது இரு தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. சபைகளின் தரப்பிலிருந்து வந்தது பழைய எதிர்ப்பு: இந்த ஒலியே சாத்தானுடையது, இதில் எந்தச் சொல்லை வைத்தாலும் கறை நீங்காது என்பது. இதற்கு நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. கம்பியின் அதிர்வுக்கும் தோலின் அதிர்வுக்கும் ஞானஸ்நானமும் கிடையாது, சாபமும் கிடையாது.

பிளாக் மெட்டல் ரசிகர்களின் எதிர்ப்புதான் ஆழமானது. அதைக் கிறிஸ்தவ ரசிகர்கள் உரிய மரியாதையோடு கேட்டதில்லை. அவர்கள் சொல்வது இது: பிளாக் மெட்டல் என்பது ஒலியின் பெயர் அல்ல, நிலைப்பாட்டின் பெயர். அந்தக் குளிரும், அந்த வறட்சியும், இரக்கத்தைப் புறக்கணிக்கும் அந்தக் குரலும் ஒரு குறிப்பிட்ட வெறுப்பைச் சொல்வதற்காகவே செதுக்கப்பட்டவை. வெறுப்பை எடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, ஒருவருடைய வாயைப் பிடுங்கிக்கொண்டு அவர் சொல்லாததைச் சொல்வதற்குச் சமம். இந்த வாதத்தில் கலைநேர்மை இருக்கிறது. வடிவமும் உள்ளடக்கமும் வேறு வேறு, இதில் எதையும் ஊற்றலாம் என்று எளிதாகப் பதில் சொல்கிற கிறிஸ்தவர்களைவிட, வடிவத்துக்கு ஒரு பொருள் உண்டு என்று நம்புகிற இந்த எதிர்ப்பாளர்கள் இசையை அதிகமாக மதிக்கிறார்கள்.

இருந்தாலும் அவர்களுடைய வாதத்தை நான் ஏற்கவில்லை. காரணம், அலறலின் வயதைப் பற்றியது. மனிதன் முதலில் அலறியது வெறுப்பினால் அல்ல, வலியினால். இந்தக் குரலுக்குப் பழைய உரிமையாளர்கள் இருக்கிறார்கள். “கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்கிறது 130ஆம் சங்கீதம். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று தொடங்குகிறது 22ஆம் சங்கீதம், அந்த வரியைத்தான் சிலுவையில் தொங்கியவர் மகா சத்தமாய்க் கூப்பிட்டார் என்று சுவிசேஷம் எழுதியிருக்கிறது. மெதுவாகச் சொன்னார் என்றோ, நான்கு குரல் சேர்ந்திசையாகப் பாடினார் என்றோ எழுதவில்லை. சங்கீதங்களில் மிகவும் இருண்டதான 88ஆம் சங்கீதமோ ஆறுதலில்லாமலே முடிந்துவிடுகிறது. நேசர்களும் அறிமுகமானவர்களும் தூரமாக்கப்பட்ட இருளில் அது நின்றுபோகிறது. எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் அந்தச் சங்கீதம் வாசிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. துதிப் பாடல்களுக்கு நடுவே அதை வைக்க இடம் கிடைப்பதில்லை. ஆனால் அது வேதாகமத்தில் இருக்கிறது. அதற்கு இசையமைக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால், மென்மையான பியானோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது விவரித்தேனே, உறைந்து நிற்கும் அந்த வேகத்தையும் கிழிந்த குரலையும்தான் பரிந்துரைப்பேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் ஹோர்ட் ஆல்பத்தின் குறையும் எனக்குத் தெரிகிறது. அதில் போர் அதிகம், புலம்பல் குறைவு. சாத்தானின் பெயரும் அடையாளங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. எதிராளி இல்லாவிட்டால் ஆல்பத்தில் பாதிக்குப் பேசப் பொருள் இருக்காது. இறுதிப் பாடலின் தலைப்பு மட்டும்தான் ஆண்டவரை நேராக விளித்து, என் இதயம் உம்மைக் கெஞ்சுகிறது என்கிறது. பன்னிரண்டு பாடல்கள் எதிரியைப் பார்த்து நின்ற பிறகு, பதின்மூன்றாவதில்தான் பாடுகிறவர் திரும்பித் தம் ஆண்டவரைப் பார்க்கிறார். அந்தத் திரும்புதல் இன்னும் முன்பே நிகழ்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அதை நிகழ்த்தியவர்கள் நார்வேயிலேயே இருந்தார்கள். ஆன்டெஸ்டர் குழு, பிளாக் மெட்டல் வட்டம் கொந்தளித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நாட்டில் வேர் பிடித்தது. அதன் தொடக்கப் பெயர் க்ரஷ் ஈவில். தீமையை நொறுக்கு என்ற அந்தப் பெயரில் ஹோர்ட் தலைப்புகளின் அதே போர்க்குரலைக் கேட்கலாம். பின்னர் அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தங்கள் இசையை பிளாக் மெட்டல் என்று அழைக்காமல், ‘ஸாரோ மெட்டல்’, துயரத்தின் மெட்டல், என்று அழைத்தார்கள். 1998இல் பிரிட்டனின் காக்கோஃபோனஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி பிளாக் டெத்’ ஆல்பத்தில் அந்தத் துயரம் முழுமையாக ஒலிக்கிறது. வேகம் தணிந்து, கீபோர்டும் கிட்டாரும் நீண்ட துயர மெட்டுகளை இழைக்கும் அந்த இசையில், எதிரியைத் தேடி அலையும் கண் இல்லை. மனச்சோர்விலும் மரணத்தின் அண்மையிலும் நின்று கடவுளைக் கூப்பிடுகிற ஒருவருடைய குரல் அது. கலைப்படைப்பாக நான் அதிகம் மதிப்பது ஆன்டெஸ்டரைத்தான். ஹோர்ட் கதவை உடைத்தது. ஆன்டெஸ்டர் உள்ளே போய் வாழ்ந்தது.

2005இல் ஆன்டெஸ்டர் வெளியிட்ட ‘தி ஃபார்சேக்கன்’ ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஹெல்ஹாமர். யூரோனிமஸோடு மேஹெம் குழுவில் இருந்த அதே ஹெல்ஹாமர். நார்வே பிளாக் மெட்டலின் அடித்தளக் கற்களில் ஒருவர் என்று தயங்காமல் சொல்லலாம். தேவாலயங்கள் எரிந்த ஆண்டுகளில் எதிரெதிர்க் கரைகளில் இருந்தவர்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரே ஆல்பத்தில் சேர்ந்து வாசித்தார்கள். யாரும் மனம் திரும்பியதாக இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். அவர் கூலிக்கு வாசிக்கும் தொழில்முறைக் கலைஞராக வந்தார். அப்படியே இருக்கட்டும். கைவிடப்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆல்பத்துக்கு அவருடைய கைகள் உழைத்தன என்பது எனக்கு நிறைவளிக்கிறது.

ஹோர்டும் நார்வேக்குப் போனது. 2006இல் ஆஸ்லோவில் நடந்த நோர்டிக் ஃபெஸ்ட் விழாவில் ஷெர்லாக் இந்தப் பாடல்களை மேடையேற்றினார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஸ்டூடியோவுக்குள் தனி ஒருவருடைய கைவேலையாக மட்டுமே இருந்த இசை, பல இசைக்கலைஞர்களின் கைகளில் பகிரப்பட்டு, எந்த நகரத்துக்குப் பதிலாக எழுதப்பட்டதோ அதே நகரத்தில் ஒலித்தது. அந்தக் கச்சேரியின் பதிவு 2007இல் ஆல்பமாகவும் வெளிவந்தது. எரிந்த ஃபன்டாஃப்ட் தேவாலயம் அதற்குள், 1997இலேயே, பழைய வடிவத்திலேயே மறுபடியும் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது: ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து தொடங்க வேண்டாம். தேவாலய மணி அழகான தொடக்கம்தான், ஆனால் அதைத் தொடர்ந்து வரும் தாக்குதல்களில் பழக்கமில்லாத காது களைத்துவிடும். ஐந்தாவது பாடலை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை இரைச்சல் மட்டுமே கேட்கும். டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், மற்றவை தாமாக விலகி இடம் கொடுக்கும். அதன் பின் பதின்மூன்றாவது பாடலுக்குப் போங்கள். அது பிடித்திருந்தால், ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி பிளாக் டெத்’ ஆல்பத்துக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அதைத் துண்டு துண்டாகக் கேட்டால் அந்தத் துயரத்தின் போக்கு பிடிபடாது.